கருத்தடை மாத்திரையும் தைராய்டு அறிக்கையும்: எண் மாறினால் நோய் என்று பொருளா?

புதுடெல்லி: பல ஆண்டுகளாக ஒரே அளவில் தைராய்டு மாத்திரை உட்கொண்டு நலமாக இருந்த பெண்ணுக்கு, மாதவிடாய் நிறுத்தத்துக்குப் பிந்தைய ஹார்மோன் சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில் மீண்டும் சோர்வும் எடை அதிகரிப்பும் தோன்றலாம். தைராய்டு கோளாறே இல்லாத இளம்பெண் ஒருவர், கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்ளும் காலத்தில் ரத்தப் பரிசோதனை செய்தால், டி4 அளவு இயல்பைத் தாண்டி உயர்ந்திருப்பதாக அறிக்கை வரலாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: ஈஸ்ட்ரோஜன். ஆனால் செய்ய வேண்டியது வேறு வேறு. முதலாமவருக்குத் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். இரண்டாமவருக்குத் தைராய்டுக்கான சிகிச்சை எதுவுமே தேவைப்படாமல் இருக்கலாம்.

இந்த வேறுபாட்டை அறியாமல் போனால், ஒருவருக்குத் தேவையான சிகிச்சை தாமதமாகும்; மற்றொருவருக்குத் தேவையற்ற மருந்து தரப்படும். பெண் ஹார்மோன் மருந்துகள் தைராய்டு செயல்பாட்டை எவ்வாறு பாதிக்கின்றன, யார் கவனமாக இருக்க வேண்டும், எப்போது பரிசோதிக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இந்தியாவில் எத்தனை பேருக்குப் பொருந்தும்?

டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், கோவா ஆகிய 8 இடங்களில் 5,376 பேரிடம் நடத்தப்பட்டு 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், வயது வந்தோரில் ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்கு ஹைப்போதைராய்டிசம் எனப்படும் தைராய்டு குறைபாடு இருப்பது கண்டறியப்பட்டது. ஆண்களில் இது சுமார் 5 சதவீதமாக இருக்க, பெண்களில் சுமார் 16 சதவீதமாக இருந்தது. ஆய்வில் பங்கேற்றோரில் 3 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், தங்களுக்குக் குறைபாடு இருப்பதையே அதுவரை அறியாதவர்கள்.

பெண்கள் ஹார்மோன் மருந்து எடுக்கும் சூழல்களும் பல. கருத்தடைக்காக மட்டுமின்றி, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, ஒழுங்கற்ற மாதவிடாய், அதிக உதிரப்போக்கு, முகப்பரு போன்றவற்றுக்கும் மருத்துவர்கள் இத்தகைய மாத்திரைகளைப் பரிந்துரைக்கின்றனர். மாதவிடாய் நிறுத்தத்தின்போது ஏற்படும் உடல் வெப்பத் தாக்கம், இரவு வியர்வை ஆகியவற்றுக்கு ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை அளிக்கப்படுகிறது. குழந்தையின்மைச் சிகிச்சையிலும் ஈஸ்ட்ரோஜன் அளவு பெருமளவு உயர்கிறது. தைராய்டு மாத்திரையும் பெண் ஹார்மோன் மருந்தும் ஒரே பெண்ணின் கைப்பையில் இருப்பது அரிதான நிகழ்வு அல்ல.

ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் பயணிக்கும் விதம்

கழுத்தின் முன்புறம் அமைந்துள்ள தைராய்டு சுரப்பி, டி4 எனப்படும் தைராக்சினையும் சிறிய அளவில் டி3 ஹார்மோனையும் சுரக்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, டிஎஸ்எச் என்ற ஹார்மோன் மூலம் தைராய்டுக்குக் கட்டளையிடுகிறது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் டிஎஸ்எச் உயரும். மிகுந்தால் டிஎஸ்எச் குறையும்.

ரத்தத்தில் கலந்த டி4 அப்படியே உடல் செல்களுக்குள் நுழைந்துவிடுவதில்லை. அதில் ஏறத்தாழ 99.97 சதவீதம் புரதங்களுடன் பிணைந்தே பயணிக்கிறது. அவற்றுள் முதன்மையானது, கல்லீரலில் உருவாகும் தைராக்சின் பிணைப்புப் புரதம். மருத்துவ வழக்கில் இது டிபிஜி எனப்படுகிறது. டி4 ஹார்மோனின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைச் சுமப்பது இதுவே. எதனுடனும் பிணையாமல் தனித்துத் திரியும் 0.03 சதவீத டி4 மட்டுமே செல்களுக்குள் சென்று வேலை செய்கிறது.

இதைப் பேருந்துப் பயணத்துடன் ஒப்பிடலாம். பிணைப்புப் புரதம் பேருந்து, ஹார்மோன் பயணி. பேருந்தில் அமர்ந்திருக்கும் பயணியால் வேலைத் தலத்தில் பணியாற்ற இயலாது. இறங்கி நடப்பவரே வேலை செய்கிறார். பேருந்துகளின் எண்ணிக்கை திடீரென அதிகரித்தால், தெருவில் நிற்பவர்கள் ஏறி அமர்ந்துகொள்வர். இறங்கி நிற்பவர்களின் எண்ணிக்கை குறையும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை செய்வது இதைத்தான். அது பேருந்துகளைப் பெருக்குகிறது.

கல்லீரலில் நிகழும் மாற்றம்

ஈஸ்ட்ரோஜன் ரத்தத்திலுள்ள தைராக்சினின் பிணைப்பை மாற்றுகிறது என்பது 1950களிலேயே கண்டறியப்பட்டது. இதன் வேதியியல் காரணம் பின்னர் தெளிவானது. ஈஸ்ட்ரோஜனின் தாக்கத்தால் பிணைப்புப் புரதத்தின் மீது சியாலிக் அமிலம் எனும் சர்க்கரை வகை மூலக்கூறுகள் கூடுதலாகச் சேர்கின்றன. இவ்வாறு மாறிய புரதத்தைக் கல்லீரல் எளிதில் அகற்றுவதில்லை. எனவே அது ரத்தத்தில் நீண்ட நேரம் தங்குகிறது. அதன் மொத்த அளவும் உயர்கிறது.

வாய்வழி உட்கொள்ளும் மாத்திரை, குடலில் உறிஞ்சப்பட்டவுடன் நேராகக் கல்லீரலுக்குச் செல்கிறது. அங்கு ஈஸ்ட்ரோஜனின் செறிவு மிக அதிகமாக இருப்பதால் தாக்கமும் அதிகம். வழக்கமான அளவிலான ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகள் பிணைப்புப் புரதத்தைச் சுமார் 30 முதல் 50 சதவீதம் வரை உயர்த்துகின்றன. மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே இந்த உயர்வு தெரியத் தொடங்கும்.

ஆரோக்கியமான தைராய்டு என்ன செய்யும்?

தைராய்டு நன்கு இயங்கும் பெண்ணிடம் இந்த மாற்றம் தானாகவே சரிசெய்யப்படுகிறது. தனித்த டி4 சற்றுக் குறைந்தவுடன் பிட்யூட்டரி அதை உணர்கிறது. தைராய்டு கூடுதலாகச் சுரக்கிறது. கூடுதல் புரதங்கள் நிரம்பியதும் தனித்த டி4 பழைய அளவுக்குத் திரும்புகிறது. அந்தப் பெண் எந்த மாற்றத்தையும் உணர்வதில்லை. டிஎஸ்எச் இயல்பு வரம்பிலேயே இருக்கும்.

ஆனால் பரிசோதனை அறிக்கை வேறுவிதமாகத் தோன்றலாம். நாட்டின் பல ஆய்வகங்களில் 'தைராய்டு புரொஃபைல்' என்ற பெயரில் குறைந்த கட்டணத்தில் செய்யப்படும் தொகுப்பில், பெரும்பாலும் டோட்டல் டி3, டோட்டல் டி4, டிஎஸ்எச் ஆகிய மூன்றுமே இடம்பெறுகின்றன. 'டோட்டல்' என்பது பேருந்தில் அமர்ந்திருப்பவர்களையும் இறங்கி நிற்பவர்களையும் சேர்த்து எண்ணும் மொத்தக் கணக்கு. பேருந்துகள் பெருகியதால் இந்த மொத்தம் உயர்ந்திருக்கும். 'ஃப்ரீ டி4' எனப்படும் தனித்த அளவைப் பார்த்தால் அது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

இந்த இடத்தில்தான் தவறு நிகழ வாய்ப்புள்ளது. டோட்டல் டி4 உயர்ந்திருப்பதை மட்டும் பார்த்து, தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்று முடிவு செய்தால், கார்பிமசோல் போன்ற தடுப்பு மருந்துகள் தரப்படக்கூடும். ஆரோக்கியமான தைராய்டை இம்மருந்து தேவையின்றி ஒடுக்கிவிடும். அரிதாக ரத்த வெள்ளை அணுக்களைக் கடுமையாகக் குறைக்கும் பக்கவிளைவும் இதற்கு உண்டு. உண்மையான ஹைப்பர்தைராய்டிசத்தில் டிஎஸ்எச் மிகவும் குறைந்திருக்கும். டோட்டல் டி4 உயர்ந்து டிஎஸ்எச் இயல்பாக இருக்குமானால், முதலில் எழ வேண்டிய கேள்வி, 'நீங்கள் ஹார்மோன் மாத்திரை ஏதேனும் எடுக்கிறீர்களா, அல்லது கருவுற்றிருக்கிறீர்களா?' என்பதே.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு நிலைமை வேறு

லெவோதைராக்சின் மாத்திரையை நம்பி வாழும் பெண்ணிடம் இந்தத் தானியங்கிச் சரிசெய்தல் முழுமையாக நடப்பதில்லை. அறுவைச் சிகிச்சையில் தைராய்டு அகற்றப்பட்டிருந்தாலோ, உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே சுரப்பியைச் சிதைத்திருந்தாலோ, பிட்யூட்டரி எவ்வளவு கட்டளையிட்டாலும் கூடுதலாகச் சுரக்க அங்கு ஆள் இல்லை. தினமும் உள்ளே வருவது மாத்திரையில் உள்ள அதே 50 அல்லது 100 மைக்ரோகிராம்தான். பேருந்துகள் மட்டும் பெருகிவிட்டன. விளைவாக, தனித்த டி4 குறைகிறது, டிஎஸ்எச் உயர்கிறது.

அமெரிக்காவில் நடத்தப்பட்டு, 2001ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மாதவிடாய் நின்ற 36 பெண்கள் அதில் பங்கேற்றனர். அவர்களுள் 11 பேருக்குத் தைராய்டு இயல்பாக இருந்தது. ஏனைய 25 பேர் தைராய்டு குறைபாட்டுக்காக லெவோதைராக்சின் எடுத்துவந்தனர். அனைவருக்கும் தினமும் 0.625 மில்லிகிராம் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தரப்பட்டது.

தைராய்டு இயல்பாக இருந்த 11 பேரிடம் டோட்டல் டி4 உயர்ந்தாலும், தனித்த டி4, டிஎஸ்எச் ஆகியவை மாறவில்லை. குறைபாடு உள்ளவர்களிடமோ 12 வாரங்களில் தனித்த டி4 குறைந்தது, டிஎஸ்எச் உயர்ந்தது. வழக்கமான ஈடுசெய் சிகிச்சையில் இருந்த 18 பேரில் 7 பேருக்கு டிஎஸ்எச் 7 அலகுகளைத் தாண்டியது. அதாவது, அதுவரை போதுமானதாக இருந்த மாத்திரை அளவு அவர்களுக்குப் போதாமல் போயிற்று.

எஞ்சிய 7 பேர் தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள். புற்றுநோய் செல்களைத் தூண்டாமல் இருப்பதற்காக, இத்தகையோரின் டிஎஸ்எச் அளவை வேண்டுமென்றே மிகக் குறைவாக வைத்திருப்பது மருத்துவ நடைமுறை. அவர்களில் 3 பேருக்கு டிஎஸ்எச் 1 அலகைத் தாண்டி உயர்ந்தது. சாதாரணமானவருக்கு இயல்பாகக் கருதப்படும் இந்த எண், அவர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட இலக்கை மீறியதாகும். எனவே தைராய்டு புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற பெண்கள் ஈஸ்ட்ரோஜன் மருந்து தொடங்கும்போது கூடுதல் கவனம் அவசியம்.

இந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. குறைபாடு உள்ள அனைவருக்குமே டிஎஸ்எச் கட்டுப்பாட்டை மீறவில்லை. சுரப்பியில் ஓரளவு செயல்திறன் எஞ்சியிருப்பவர்கள் சமாளித்துக்கொள்ளலாம். ஆகவே ஹார்மோன் மருந்து தொடங்கும் அனைவருக்கும் தைராய்டு மாத்திரை அளவை முன்கூட்டியே கூட்டிவிடுவது சரியல்ல. பரிசோதித்து, தேவைப்படுபவர்களுக்கு மட்டும் கூட்டுவதே முறை.

எந்த மருந்து, என்ன தாக்கம்?

பெண் ஹார்மோன் மருந்துகள் அனைத்தும் ஒரே மாதிரியானவை அல்ல.

கூட்டுக் கருத்தடை மாத்திரைகள்: இவற்றில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் இரண்டும் உள்ளன. மத்திய அரசின் குடும்ப நலத் திட்டத்தில் இலவசமாக வழங்கப்படும் 'மாலா-என்' மாத்திரையில் 0.03 மில்லிகிராம் எத்தினைல் எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜனும் 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெலும் உள்ளன. சினைப்பை நீர்க்கட்டிக்கும் முகப்பருவுக்கும் தரப்படும் சைப்ரோடிரோன், டிராஸ்பைரினோன் சேர்ந்த மாத்திரைகளிலும் எத்தினைல் எஸ்ட்ராடையால் இடம்பெறுகிறது. இவை பிணைப்புப் புரதத்தை உயர்த்தக்கூடியவை.

மாதவிடாய் நிறுத்தத்துக்கான வாய்வழி ஈஸ்ட்ரோஜன்: இணைவு ஈஸ்ட்ரோஜன்கள், எஸ்ட்ராடையால் வேலரேட் போன்ற மாத்திரைகள் இவ்வகையின. இவையும் கல்லீரல் வழியே செல்வதால் பிணைப்புப் புரதத்தை உயர்த்துகின்றன.

தோல்வழி எஸ்ட்ராடையால்: தோலில் தடவும் ஜெல், ஒட்டும் பட்டை ஆகியவற்றிலிருந்து எஸ்ட்ராடையால் நேரடியாக ரத்தத்தில் கலக்கிறது, கல்லீரலில் அதன் செறிவு திடீரென உயர்வதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், வாய்வழி ஈஸ்ட்ரோஜன் பிணைப்புப் புரதத்தை ஏறத்தாழ 40 சதவீதம் உயர்த்தியது. தோல்வழி முறையில் மாற்றம் 1 சதவீதத்துக்கும் குறைவு. எனவே தைராய்டு மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு ஹார்மோன் சிகிச்சை தேவைப்பட்டால், தோல்வழி முறை பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்பது பயனளிக்கும். பிறப்புறுப்பு வறட்சிக்காக அங்கேயே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பதால், இத்தகைய தாக்கம் எதிர்பார்க்கப்படுவதில்லை.

புரோஜெஸ்டின் மட்டும் உள்ளவை: மூன்று மாதங்களுக்கு ஒருமுறை செலுத்தப்படும் 'அந்தரா' ஊசி, லெவோநார்ஜெஸ்ட்ரெல் வெளியிடும் கருப்பைச் சாதனம், லெவோநார்ஜெஸ்ட்ரெல் மட்டும் கொண்ட அவசரகாலக் கருத்தடை மாத்திரை ஆகியவற்றில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. பிணைப்புப் புரதத்தை உயர்த்தும் பிரச்சினை இவற்றில் பொதுவாக எழுவதில்லை. இயற்கை புரோஜெஸ்டிரோன் தினமும் 300 மில்லிகிராம் தரப்பட்டு, 2013ஆம் ஆண்டு வெளியான 12 வார ஆய்வில், தனித்த டி4 சிறிதளவு உயர்ந்தது.

டமாக்சிஃபென்: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் இம்மருந்து, கல்லீரலில் மட்டும் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்கிறது. எனவே டோட்டல் டி4 உயரலாம். இம்மருந்து எடுப்பவர்களின் அறிக்கையை வாசிக்கும்போதும் தனித்த டி4, டிஎஸ்எச் ஆகியவற்றையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

குழந்தையின்மைச் சிகிச்சையில்

சோதனைக்குழாய் கருத்தரிப்புக்காகச் சினைப்பையைத் தூண்டும் ஊசிகள் போடப்படும்போது, உடலே சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இரண்டு வாரங்களுக்குள் பன்மடங்கு உயர்கிறது. கருத்தடை மாத்திரையால் ஏற்படும் அதே மாற்றம் இங்கு வேகமாக நிகழ்கிறது. தைராய்டு மாத்திரை எடுக்கும் பெண்களிடம் இக்காலத்தில் டிஎஸ்எச் உயரக்கூடும். அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், இச்சிகிச்சை பெறும் தைராய்டு குறைபாடுள்ள பெண்களின் டிஎஸ்எச் 2.5 அலகுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்கிறது. தூண்டல் நடக்கும் நாட்களில் கிடைக்கும் முடிவுகளை விளங்கிக்கொள்வது கடினம் என்பதால், இயன்றவரை தூண்டலுக்கு முன்னரோ, முடிந்து 1 முதல் 2 வாரங்களுக்குப் பின்னரோ பரிசோதிக்குமாறும் அது கூறுகிறது.

கருவுற்றிருக்கும் காலத்திலும் இதே இயக்கமே நடைபெறுகிறது. ஈஸ்ட்ரோஜன் உயர்வால் பிணைப்புப் புரதம் பெருகுவதோடு, வளரும் கருவின் தேவையும் சேர்கிறது. அதனால் லெவோதைராக்சின் தேவை பொதுவாக 25 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. தைராய்டு மாத்திரை எடுக்கும் பெண், கருத்தரித்தது தெரிந்தவுடன் வாரத்துக்கு 7 மாத்திரை என்பதை 9 ஆகக் கூட்டிக்கொண்டு உடனே மருத்துவரை அணுகலாம் என்று அதே வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே இதுகுறித்து மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

அதே அட்டையில் இருக்கும் இரும்புச்சத்து

பலரும் கவனிக்காத மற்றொரு காரணமும் உண்டு. 28 மாத்திரைகள் கொண்ட 'மாலா-என்' அட்டையில் 21 மட்டுமே ஹார்மோன் மாத்திரைகள். எஞ்சிய 7 மாத்திரைகள், மாதவிடாய் நாட்களில் எடுப்பதற்கான இரும்புச்சத்து மாத்திரைகள். இரும்புச்சத்தும் லெவோதைராக்சினும் வயிற்றில் ஒன்றாகச் சேர்ந்தால், தைராய்டு மருந்து உறிஞ்சப்படுவது குறைகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வலிமைக்காகத் தரப்படும் கால்சியம் மாத்திரையும் இதையே செய்கிறது.

எனவே டிஎஸ்எச் உயர்ந்திருந்தால், அது ஈஸ்ட்ரோஜனால் நேர்ந்ததா, இரும்பு அல்லது கால்சியம் உறிஞ்சுதலைத் தடுத்ததால் நேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். லெவோதைராக்சினைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் எடுத்து, உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. கருத்தடை மாத்திரையை இரவிலும் தைராய்டு மாத்திரையைக் காலையிலும் எடுக்கும் வழக்கம் இச்சிக்கலை எளிதில் தவிர்க்கும். மாத்திரை அளவைக் கூட்டுவதற்கு முன், எடுக்கும் நேரத்தைச் சரிசெய்வதே போதுமானதாக இருக்கலாம்.

எப்போது பரிசோதிக்க வேண்டும்?

லெவோதைராக்சினின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 7 நாட்கள். எந்த மாற்றத்துக்குப் பிறகும் ரத்த அளவு புதிய சமநிலையை எட்ட 6 வாரங்கள் வரை ஆகும். அதற்கு முன்பே பரிசோதித்தால் கிடைக்கும் எண், பாதி வழியில் எடுத்த அளவாகவே இருக்கும்.

எனவே தைராய்டு மாத்திரை எடுக்கும் பெண்கள், வாய்வழி ஈஸ்ட்ரோஜன் தொடங்குவதற்கு முன் ஒருமுறையும், தொடங்கி 6 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் ஒருமுறையும் டிஎஸ்எச் பரிசோதிப்பது நல்லது. மாத்திரை அளவு மாற்றப்பட்டால், அதிலிருந்து 6 முதல் 8 வாரங்களில் மறுபரிசோதனை தேவை. தைராய்டு கோளாறு இல்லாத பெண்கள், கருத்தடை மாத்திரை தொடங்குவதற்காக மட்டுமே தைராய்டு பரிசோதனை செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. வேறு காரணத்துக்காகச் செய்தால், மாத்திரை எடுப்பதைத் தெரிவிப்பதே முக்கியம்.

தலைமுடி உதிர்வுக்காக அதிக அளவு பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். சில ஆய்வகக் கருவிகளில், பயோட்டின் டிஎஸ்எச் அளவைப் பொய்யாகக் குறைத்தும் டி4 அளவைப் பொய்யாக உயர்த்தியும் காட்டக்கூடும். ஈஸ்ட்ரோஜனும் பயோட்டினும் சேர்ந்த அறிக்கை, மருத்துவரையே குழப்பிவிடும்.

நிறுத்தும்போதும் கவனம் தேவை

ஹார்மோன் மருந்தைத் தொடங்கும்போது காட்டும் கவனம், நிறுத்தும்போது பெரும்பாலும் இருப்பதில்லை. ஈஸ்ட்ரோஜனை நிறுத்தியதும் பிணைப்புப் புரதம் பழைய அளவுக்குக் குறைகிறது. இடையில் தைராய்டு மாத்திரை அளவு கூட்டப்பட்டிருந்தால், அந்தக் கூடுதல் அளவு இப்போது மிகையாகிவிடும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, எடைக் குறைவு ஆகியன தோன்றலாம்.

வயதான பெண்களுக்கு இது அறிகுறிகளோடு முடிந்துவிடுவதில்லை. தைராய்டு ஹார்மோன் நீண்டகாலம் மிகுந்திருந்தால், இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போகும் அபாயமும், மாதவிடாய் நின்ற பிறகு ஏற்கெனவே வலுவிழந்து வரும் எலும்புகள் மேலும் நலிவடையும் அபாயமும் கூடுகின்றன. எனவே நிறுத்திய பின்னரும் 6 முதல் 12 வாரங்களுக்குள் டிஎஸ்எச் பரிசோதனை அவசியம். மாத்திரையிலிருந்து தோல்வழி ஜெல்லுக்கு மாறும்போதும் இதே விதி பொருந்தும். கல்லீரலைப் பொறுத்தவரை அதுவும் கிட்டத்தட்ட நிறுத்தியதற்குச் சமமே.

அறிகுறிகள் ஒன்றையொன்று மறைக்கும்

45 வயதைக் கடந்த பெண் ஒருவர் சோர்வு, எடை அதிகரிப்பு, மறதி, மனச்சோர்வு என்று சொன்னால், அது மாதவிடாய் நிறுத்தமாகவும் இருக்கலாம், தைராய்டு குறைபாடாகவும் இருக்கலாம். படபடப்பும் வியர்வையும் மாதவிடாய் நிறுத்தத்தாலும் வரும், தைராய்டு ஹார்மோன் மிகுவதாலும் வரும். இளம்பெண்களிடம் தைராய்டு குறைபாட்டின் அறிகுறியாகவே அதிக உதிரப்போக்கும் ஒழுங்கற்ற மாதவிடாயும் தோன்றலாம். அதற்குக் காரணம் தேடாமல் ஹார்மோன் மாத்திரை தரப்பட்டால், மாதவிடாய் அட்டவணைப்படி வரத் தொடங்கும். அடியில் உள்ள தைராய்டு குறைபாடு கண்டறியப்படாமலேயே தொடரும்.

'இந்த வயதில் இப்படித்தான் இருக்கும்' என்ற சமாதானத்தோடு பல பெண்கள் மாதக்கணக்கில் சோர்வைச் சுமக்கின்றனர். ஹார்மோன் சிகிச்சை தொடங்கிய பின் சோர்வு குறைவதற்குப் பதிலாகக் கூடினால், அதை வயதின் கணக்கில் எழுதிவிடாமல் டிஎஸ்எச் அளவைப் பார்ப்பது எளிய, செலவு குறைந்த வழி.

தவறான நம்பிக்கைகள்

'கருத்தடை மாத்திரை தைராய்டு நோயை உண்டாக்கும்' என்ற அச்சம் பரவலாக உள்ளது. மேலே விளக்கியவாறு, ஆரோக்கியமான தைராய்டு உள்ளவரிடம் மாறுவது ஹார்மோனைச் சுமக்கும் புரதத்தின் அளவு. சுரப்பி அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. மாத்திரையை நிறுத்தியதும் டோட்டல் டி4 அளவும் பழைய நிலைக்குத் திரும்பும்.

'தைராய்டு மாத்திரை எடுத்தால் கருத்தடை மாத்திரை வேலை செய்யாது' என்பதும் உண்மையல்ல. லெவோதைராக்சின் கருத்தடை மாத்திரையின் பயனைக் குறைப்பதில்லை. தைராய்டு குறைபாடு உள்ளது என்பதற்காக மட்டுமே ஒரு பெண் ஈஸ்ட்ரோஜன் மருந்தைத் தவிர்க்க வேண்டியதும் இல்லை. இரண்டையும் சேர்த்து எடுக்கலாம். கண்காணிப்பு மட்டும் வேண்டும்.

மிக ஆபத்தான தவறு, அறிக்கையைப் பார்த்துவிட்டு இரண்டில் ஒரு மருந்தைத் தாமாகவே நிறுத்துவது. கருத்தடை மாத்திரையை இடையில் விட்டால் திட்டமிடாத கர்ப்பம் நேரலாம். தைராய்டு மாத்திரையை விட்டால் குறைபாடு மீண்டும் தலைதூக்கும். அந்நிலையில் கருத்தரித்தால் கருச்சிதைவு உள்ளிட்ட அபாயங்கள் கூடும்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

இந்தியாவில் ஒரே பெண்ணின் தைராய்டு மாத்திரையை ஒரு மருத்துவரும், ஹார்மோன் மாத்திரையை வேறொரு மகப்பேறு மருத்துவரும் எழுதித் தருவது வழக்கம். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் போவதும் உண்டு. கருத்தடை மாத்திரையை ஒரு 'மருந்து' என்றே பலர் கருதுவதில்லை. 'வேறு மருந்து எடுக்கிறீர்களா?' என்று கேட்டால் 'இல்லை' என்றே பதில் வருகிறது. குடும்பத்தினர் உடனிருக்கும்போது, திருமணமாகாத பெண்கள் சினைப்பை நீர்க்கட்டிக்காக எடுக்கும் மாத்திரையைக்கூடச் சொல்லத் தயங்குகின்றனர்.

அந்தத் தயக்கத்தைக் கடக்க எளிய வழி, எடுக்கும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் கையோடு எடுத்துச் செல்வது. ஹார்மோன் மாத்திரை, தைராய்டு மாத்திரை, இரும்பு, கால்சியம், பயோட்டின் என எதுவானாலும் மேசையில் வைத்தால் மருத்துவரே பார்த்துக்கொள்வார். ஹார்மோன் மருந்து எந்தத் தேதியில் தொடங்கியது, எப்போது நிறுத்தப்பட்டது என்பதை அறிக்கையின் ஓரத்தில் குறித்து வைப்பதும் உதவும். ஆய்வகத்தில் டோட்டல் டி4 உயர்ந்து வந்தால், ஃப்ரீ டி4 பரிசோதனை தேவையா என்று கேட்கலாம்.

தைராய்டு அறிக்கையில் வரும் எண், அதை எடுத்த நாளில் உடலில் இருந்த அனைத்து மருந்துகளின் கூட்டு விளைவு. மருந்துப் பட்டியல் இல்லாமல் அந்த எண்ணை வாசித்தால், நோயில்லாதவர் நோயாளியாவார். நோயுள்ளவர் நலமானவர் என்று அனுப்பப்படுவார். இரண்டையும் தவிர்ப்பதற்குத் தேவையானது, எடுக்கும் மருந்துகளை மறைக்காமல் சொல்வதும், உரிய வாரத்தில் செய்யும் ஒரு டிஎஸ்எச் பரிசோதனையுமே.

பொறுப்புத் துறப்பு: இக்கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்கானது. மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவது ஆகியவற்றைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் ஆலோசனையின் பேரிலேயே செய்ய வேண்டும்.